ஏழாம் குழி மேடு

ஜனவரி 11

அக்காவுக்கு,

இங்கே நாங்கள் இருக்கிறோம். அங்கே நீங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். ஆறு வருஷமாகப் பேச்சில்லாத தம்பி கடிதம் போட்டால் ஏதோ காரியம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். போனில் கூப்பிட்டேன். "எதுவானாலும் எழுத்தில் அனுப்பு" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். சரி, எழுத்திலேயே சொல்கிறேன்.

நீங்கள் வடிவமைத்த கோல்ஃப் மைதானத்தை மாற்றி அமைக்கும் வேலையை கிளப் என்னிடம் கொடுத்திருக்கிறது. ஆறு வருஷமாகப் பராமரிக்கிறவன் என்பதால் எனக்கு அதன் ஒவ்வொரு சரிவும் தெரியும். பதினெட்டுக் குழிகள் பன்னிரண்டாகும். கீழ்ப்பக்கத்து நிலத்தைத் தாழ்த்தப் போகிறோம். மழைக்காலத்தில் அங்கே வெள்ளம் தங்கும், மற்ற மாதங்களில் ஆட்டம் நடக்கும். தண்ணீர் குறைவாகக் கேட்கிற புல், அதற்கும் சுத்திகரித்த கழிவுநீர். ஓரமாக, யார் வேண்டுமானாலும் நடந்து போக ஒரு பாதை.

உங்கள் பழைய ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. இருபத்தைந்து வருஷத்துக்கு உங்கள் சம்மதம் இல்லாமல் மண் மட்டத்தை யாரும் மாற்றக் கூடாது. இன்னும் ஆறு வருஷம் மீதி இருக்கிறது. வரைபடங்களும் சம்மதப் படிவமும் இத்துடன் வருகின்றன. கையெழுத்துப் போட்டு கிளப் விலாசத்துக்கு அனுப்புங்கள்.

தம்பி


ஜனவரி 29

தம்பிக்கு,

நான் சுகம். உன் வீட்டுக்காரியும் நீயும் சுகம்தானே? நம் அலுவலகத்தில் அவளை எல்லோரும் பென்சில் என்றுதான் கூப்பிடுவோம், எனக்கு இன்னும் அந்தப் பெயர்தான் வாயில் வருகிறது. விசாரித்ததாகச் சொல்.

எப்போதிலிருந்து "நீங்கள்"? தூக்கி வளர்த்தவளுக்கு மரியாதை கொடுத்து எழுதுகிறாய். காரியம் பெரிதுதான்.

வரைபடங்களைப் பார்த்தேன். வயிறு எரிந்தது. பதினெட்டுக் குழிகள் எதற்கு என்று உனக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். முதல் குழியில் தப்பு செய்தவன் பதினைந்தாம் குழியில் மனிதனாகிறான், அதற்கு அவ்வளவு நேரமும் அவ்வளவு நடையும் வேண்டும். நீ பன்னிரண்டு என்கிறாய். அடுத்து ஆறு என்று ஒருத்தன் வருவான். அப்புறம் ஒரே குழி, லிஃப்டில் ஏறி இறங்கினது மாதிரி ஆட்டம் முடிந்துவிடும். புல் காய்ந்து பழுப்பாய்க் கிடந்தால் அதுவும் அழகு என்று குறிப்பு வேறு எழுதியிருக்கிறாய். குளிக்காதவன் அதைக் கொள்கை என்று சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்கிறது.

ஏழாம் குழிக்கு முன்னால் நான் எழுப்பிய மேடு, அந்த நீளமான மேடு, அதையும் வெட்டப் போகிறாய். அந்த மேடு இல்லாவிட்டால் அது மைதானம் இல்லை, வெறும் பொட்டல்.

படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து இல்லை.

அக்கா


பிப்ரவரி 13

அக்காவுக்கு,

நலம். உங்கள் நலமும் உங்கள் கோபமும் கடிதத்தில் தெரிந்தன.

என் தொழிலை நீங்கள் கேலி செய்யலாம். ஆனால் கண்ணைத் திறந்து செய்யுங்கள். முன்னெல்லாம் அடிக்கிற பந்தின் தூரம் கூடக் கூட மைதானத்தை நீட்டிக்கொண்டே போனீர்கள். நீட்ட நிலம் இருந்தது, ஊற்றத் தண்ணீர் இருந்தது. இப்போது இரண்டும் இல்லை. போன கோடையில் ஊரில் குடங்கள் வரிசையில் நின்றன, நாங்கள் புல்லுக்குக் குழாய் திறந்துவிட்டோம். வேலிக்கு வெளியே நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்து, "சார், உங்க புல்லுக்குத் தாகம் தீர்ந்ததும் சொல்லுங்க, நாங்க வரோம்" என்றாள். அன்று எனக்குத் தலை நிமிரவில்லை.

இனி வரப்போகிற மைதானங்கள் எல்லாமே சின்னதாகத்தான் இருக்கும். ஒரே நிலத்தை ஒரு வாரம் இந்தப் பக்கமிருந்தும் மறு வாரம் அந்தப் பக்கமிருந்தும் ஆடுவார்கள். ஆட்டம் இல்லாத நேரத்தில் ஊருக்கும் உதவாத நிலத்தை எந்த ஊரும் வைத்திருக்க விடாது. இது என் ஆசை இல்லை, நடக்கப்போவது.

மேட்டை வெட்டத்தான் வேண்டும். மேலேயிருந்து வருகிற மழைத்தண்ணீரை அது மைதானத்துக்குள் விடாமல் தடுத்து, கீழே இருக்கிற தெருவுக்குத் தள்ளுகிறது. படிவத்தை மறுபடி வைத்திருக்கிறேன்.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

சுகம். பென்சில் எப்படி இருக்கிறாள்? போன கடிதத்தில் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை.

தெருவுக்குத் தள்ளுகிறதாம். நான் அந்த மேட்டைக் கட்டின வருஷம் கீழே தெருவே கிடையாது. வெறும் முள்ளும் சேறும். பள்ளத்தில் கொண்டுபோய் வீடு கட்டி விற்றவனை விட்டுவிட்டு, மேட்டில் இருக்கிறவளைப் பிடிக்கிறாய். நல்ல நியாயம். என் வக்கீலிடம் பேசிவிட்டேன். ஒரு மண்வெட்டி விழுந்தாலும் வழக்குத்தான்.

இன்னொன்று. மட்டப்படங்களைக் கையால்தான் வரைய வேண்டும் என்ற நம் அலுவலக வழக்கத்தையாவது நீ விடவில்லை, பாராட்டலாம் என்று பார்த்தால் கோடுகள் சகிக்கவில்லை. நடுங்குகின்றன. வளைவெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. யாரிடம் கொடுத்தாய், ஏதாவது கத்துக்குட்டியிடமா? என் அலுவலகத்தின் வலது கையையே கூட்டிக்கொண்டு போனவன் நீ. அவள் போட்ட கோட்டில் தண்ணீர் ஊற்றினால் வழியும், அப்படி இருக்கும். உன்னிடமும் வேலை செய்யப் பிடிக்காமல் போய்விட்டதா அவளுக்கு?

அக்கா


ஏப்ரல் 19

தம்பிக்கு,

சுகம்தானே? பதில் இல்லை. வக்கீல் என்றதும் வாயடைத்துவிட்டதா, இல்லை வேறு ஏதாவதா? ஒரு வரி எழுது.

அக்கா


ஏப்ரல் 27

அக்காவுக்கு,

நான் நலம்.

உங்கள் வக்கீலுக்குப் பதில் அனுப்ப உங்கள் அலுவலக எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்து, "பல் டாக்டர் மத்தியானத்துக்கு மேலதான் வருவாரு, வலி ரொம்ப இருக்கா?" என்று கேட்டாள். அந்த எண் அவர்களிடம் வந்து இரண்டு வருஷம் ஆகிறதாம். அலுவலகத்தை மூடிவிட்டு, என்னிடம் மட்டும் "என் அலுவலகம், என் அலுவலகம்" என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களைத் தேடி யாரும் வராததால்தான் நான் தேடி வந்ததையும் உதைக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

நான் செய்கிறது பொட்டல், நீங்கள் செய்ததுதான் மைதானம் என்றால் உலகம் ஏன் பொட்டலைக் கேட்கிறது?

என் மனைவியைப் பற்றி இனி கடிதத்தில் ஒரு வார்த்தை வேண்டாம்.

தம்பி


மே 14

தம்பிக்கு,

எனக்கு உடம்பு பரவாயில்லை. உன்னை மட்டும் கேட்கச் சொன்னாய், கேட்கிறேன். நீ சுகமா?

ஆமாம், மூடிவிட்டேன். மூன்று வருஷமாக யாரும் கூப்பிடவில்லை. கடைசியாக வந்தவர்கள் இரண்டு பையன்கள். வீடுகளுக்கு நடுவே ஒரு ஏக்கரில், செயற்கைப் புல்லில், விளக்குப் போட்டு ஆட மைதானம் வேண்டும் என்றார்கள். "முழு ஆட்டமும் அரைமணியில முடியணும் மேடம், ஸ்கோர் போன்லயே வரணும்" என்றார்கள். வாசலைக் காட்டினேன். அவர்கள் வேறு ஆளை வைத்துக் கட்டி, ஊருக்கு ஊர் திறந்துகொண்டிருக்கிறார்கள். போதுமா? மனது குளிர்ந்ததா?

இதையெல்லாம் நீ கேட்டு நான் சொல்ல வேண்டியிருக்கிறது பார். உன் படிப்புக்காக நான் எங்கெங்கே எந்தெந்தச் சேற்றில் பூட்ஸோடு நின்றேன் என்று நான் எப்போதாவது சொல்லிக்காட்டியிருக்கிறேனா? இப்போது சொல்லிக்காட்டுகிறேன்.

கீழே இருக்கிற தெரு, தெரு என்கிறாயே, அந்தத் தெருவில் உனக்கு யார் இருக்கிறார்கள்? தண்ணீர் வருகிற இடம் என்று தெரிந்தால் வேறு வீடு பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதானே அவர்கள்?

கையெழுத்துக் கிடையாது. இனி படிவம் அனுப்பாதே.

அக்கா


ஜூன் 23

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

முந்தாநாள் மழை. உன் மேடு தன் வேலையை நன்றாகச் செய்தது. மைதானத்தில் ஒரு சொட்டு நிற்கவில்லை. எல்லாம் கீழே வந்தது. சுவரில் என் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக்கோடு இருக்கிறது. மாடிப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கீழே ஒரு நாற்காலிகூடக் காயவில்லை.

ஆமாம். அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாயே. நாங்கள்தான் இருக்கிறோம். கிளப்பில் வேலைக்குச் சேர்ந்தபோது நடந்து போகிற தூரத்தில் அதுதான் கிடைத்தது. வேறு வீடு பார்க்கக் கூடாதா என்றாயே. இரண்டு தடவை பார்த்தேன். என் சம்பளத்துக்கு மேட்டில் வீடு கிடைக்கவில்லை.

இன்னும் கேள். போன வருஷ மழையில் இதே மாதிரி தண்ணீர் ஏறியது. நான் வீட்டில் இல்லை. எங்கே இருந்தேன் தெரியுமா? உன் ஏழாம் குழி கிரீனில், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டி வைத்த அந்தப் புல்தரையில். மேட்டைத் தாண்டி வழிகிற தண்ணீரில் புல் அழுகிவிடக் கூடாது என்று ஆட்களோடு மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். இங்கே அவள் தனியாக ஒவ்வொரு சாமானாக மாடிக்கு ஏற்றியிருக்கிறாள். இரும்பு பீரோவின் அடியில் தண்ணீர் புகுந்து, அது மிதந்து சாய்ந்துவிட்டது. கை அதற்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து தூக்குகிறவரைக்கும் அப்படியே நின்றிருக்கிறாள். இரண்டு அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. விரல்கள் மடங்கவில்லை. வலது கை, அக்கா. வலது கை என்று எழுதினாயே, அதே கை.

நீ நடுங்குகிறது, சாய்கிறது என்று எழுதின கோடுகள் அவள் இடது கையால் போட்டவை. மாதக்கணக்கில் பழகிப் போட்டவை. உன் கடிதத்தை நான் காட்டவில்லை. மேஜையில் கிடந்ததை அவளே படித்துவிட்டாள். படித்துவிட்டு, "கத்துக்குட்டிதானே, சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்று சொல்லி மறுபடி பலகைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். எனக்குத்தான் உன்னைக் கொன்றுவிடலாம் போல இருந்தது.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பாய். அவள் சொல்ல விடவில்லை. "அவங்க பரிதாபப்பட்டுப் போடுற கையெழுத்து வேண்டாம், வரைபடத்தைப் பார்த்துப் போடட்டும்" என்றாள்.

இனி எதுவும் கேட்க மாட்டேன். நீ உன் மேட்டைக் கட்டிக்கொண்டு அழு.

தம்பி


ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு இப்போது முகம் இல்லை. அதனால் வேலைக்கு வருகிறேன்.

இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் உண்டு. என் பழைய அளவைப் படங்களை எடுத்து, உன் படங்களை மேலே வைத்து, தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். வேறு விடை வராதா என்று பார்த்தேன். வரவில்லை. தெரு பிறகு வந்தது என்பது உண்மை. ஆனால் தண்ணீருக்கு யார் முன்னால் வந்தது, யார் பின்னால் வந்தது என்றெல்லாம் கிடையாது.

ஆனால் உன் வடிவமும் தப்பு. நன்றாகவே தப்பு. மேட்டை வெட்டுகிறாய், சரி. ஏழாம் குழியின் கிரீனை மட்டும் ஏன் தீவு மாதிரி நடுவில் விட்டிருக்கிறாய்? தண்ணீர் உள்ளே வருகிற வாசலிலேயே அது உட்கார்ந்திருக்கிறது. பெரிய மழையில் வெள்ளம் அதில் முட்டித் திரும்பி மறுபடி உங்கள் தெருவுக்கே வரும். இந்த அளவுகூடத் தெரியாதவன் இல்லை நீ. என்னிடம் பயந்து விட்டுவைத்திருக்கிறாய். இல்லாவிட்டால் எனக்கு ஞாபகச் சின்னம் வைக்கிறாய். இரண்டும் எனக்கு அவமானம். நான் செத்துப்போகவில்லை.

படங்கள் முழுக்கச் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன். பன்னிரண்டு குழி என்பதை இப்போதும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. பழுப்புப் புல் இப்போதும் அசிங்கம்தான். ஆனால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. ஏழாம் குழியை அடியோடு எடுத்தால் மட்டுமே இந்தச் சம்மதம் செல்லும். கிரீன், மேடு, மணல் பள்ளம், எதுவும் மிஞ்சக் கூடாது. கிளப்புக்கும் தனியாக இதையே எழுதிவிட்டேன்.

கோடுகளைப் பற்றி நான் எழுதின பக்கத்தைக் கிழித்துப் போடு. இரக்கத்தில் சொல்லவில்லை. திருப்பிப் பார்த்தேன், மட்டங்களில் ஒரு இடத்தில்கூடப் பிசகு இல்லை.

அக்கா


ஆகஸ்ட் 30

அக்காவுக்கு,

நாங்கள் நலம். உனக்குக் கால் வலி என்று முன்பு சொல்வாயே, இப்போது எப்படி இருக்கிறது?

நீ கிளப்புக்கு எழுதின கடிதம் பெரிய வெடி. ஏழாம் குழிதான் அவர்கள் விளம்பரப் படம், வரவேற்பறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு மாட்டியிருக்கிறார்கள். செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "உங்க அக்காவுக்கு மூளை கலங்கிடுச்சா? தான் கட்டினதைத் தானே இடிக்கச் சொல்றாங்க!" என்றார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

கோபம் இன்னும் போகவில்லை. ஒரு கையெழுத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அவமானம் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கிரீனை நான் பயந்தும் விடவில்லை, ஞாபகத்துக்கும் விடவில்லை. ஆறு வருஷம் தினமும் அதைச் சீவி வளர்த்தவன் நான். என்னாலேயே அதன் மேல் கோடு கிழிக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

உன் சிவப்பு மைத் திருத்தங்களை அவள் ஒரு வாரம் பார்த்தாள். நான்கு இடத்தில் நீ தப்பு என்கிறாள். பச்சை மையில் குறித்து அனுப்பியிருக்கிறாள், பார்த்துக்கொள்.

தம்பி


ஜூலை 4

அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். பத்து மாதமாக வரைபடங்கள் மட்டும் போய் வந்துகொண்டிருந்தன. இது கடிதம்.

இடித்த அன்று நீ வருவாய் என்று நினைத்தேன். வராதது நல்லது. இயந்திரம் கிரீனில் முதல் கடி கடித்ததும் நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசி லாரி மண் போகிறவரை நகரவில்லை. சந்தோஷமா என்று கேட்டேன். "நான்தான் இந்த கிரீனுக்கு முதல் படம் வரைஞ்சேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல. சந்தோஷமான்னு கேக்குறீங்களே" என்றாள்.

போன வாரம் முதல் பெரிய மழை. காலையிலிருந்து விடாமல் கொட்டியது. அவள் சாமான்களை எல்லாம் மேலே ஏற்றச் சொன்னாள், ஏற்றினேன். பிறகு தெருவில் எல்லோரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழாம் குழி இருந்த இடம் குளமானது. அதற்குமேல் எட்டாவதும் நிறைந்தது. தெருமுனைக்குத் தண்ணீர் வந்தது, கணுக்கால் அளவு. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கிவிட்டது. எங்கள் வாசற்படி நனையவில்லை. எதிர்வீட்டுக்காரர் குடையைத் தூக்கிப் போட்டுவிட்டு மழையிலேயே கத்தினார்.

மூன்று நாள் ஆட முடியவில்லை என்று கிளப்பில் சிலர் கையெழுத்து வேட்டை ஆரம்பித்திருக்கிறார்கள். ஏழாம் குழியை மறுபடி கட்ட வேண்டுமாம். அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

நீ போன தடவை படங்களோடு அவளுக்குத் தனியாக வைத்திருந்த துண்டுச் சீட்டைக் கொடுத்தேன். மன்னித்துவிடு என்று ஒரே வார்த்தைதான் இருந்தது என்றாள். என்ன பதில் எழுதட்டும் என்று கேட்டேன். "தபால்ல வர்றதுக்கெல்லாம் நான் பதில் சொல்ல மாட்டேன். அவங்க நேர்ல வரட்டும், நானும் நாலு வார்த்தை நல்லாக் கேக்கணும். எத்தனை நாளா மனசுல வெச்சிருக்கேன்" என்றாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். நான் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

தம்பி


ஜூலை 15

தம்பிக்கு,

இந்தக் கடிதம் கிடைக்கும்போது உங்கள் இருவருக்கும் உடம்பு நன்றாக இருக்கட்டும். எனக்கு முழங்கால் மட்டும்தான் தகராறு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். ஸ்டேஷனுக்கு வராதே, வழி கேட்டு வந்துவிடுவேன். மைதானத்தைப் பார்க்க வரவில்லை, அதை நீயே வைத்துக்கொள்.

அவள் கேட்க வேண்டியதைக் கேட்கட்டும். எனக்குச் சமாதானம் பேசத் தெரியாது, எப்போதும் தெரிந்ததில்லை. நடுவில் நீ புகுந்து ஒரு பக்கம் அவளை அடக்கி, மறு பக்கம் என்னை அடக்கிக் காரியத்தைக் கெடுப்பாய். அதனால் ஒரு உதவி செய். நான் வருகிற நேரத்தில் வீட்டில் இருக்காதே.

அக்கா